ஆணை எப்படித் தட்டுக்கு வந்தது? ராஜஸ்தான் மதிய உணவு இயக்கம், 2001–2004: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைகள் நலனுக்காக வேலை செய்யும் குழுக்கள் ஒரு கொள்கை மாற்றத்தைக் கேட்கக் கிளம்பும்போது வழக்கமாக எழும் கேள்வி ஒன்று உண்டு. மனு கொடுப்பதா, வழக்குப் போடுவதா, தெருவில் உட்காருவதா? ராஜஸ்தானில் 2001-ல் தொடங்கிய உணவு உரிமை இயக்கம் மூன்றையுமே செய்தது. எது எப்போது பலன் தந்தது, எது தரவில்லை என்பதைத் தேதிவாரியாகப் பின்தொடர முடிகிற நிகழ்வு என்பதால் இதை எடுத்துக்கொண்டேன். இதில் வரும் சிலர் பொதுவாழ்வில் தெரிந்த முகங்கள்தான். ஆனாலும் பெயர்களை விட்டுவிட்டு, அவரவர் வகித்த பொறுப்பை மட்டும் குறிப்பிடுகிறேன். ஆட்களின் கதையாக மாறிவிட்டால் வேலை நடந்த விதம் மறைந்துபோகும்.

பின்னணி

2001 கோடை, ராஜஸ்தானுக்குத் தொடர்ந்து மூன்றாவது வறட்சி ஆண்டு. கிணறு வற்றி, தீவனம் இல்லாமல் மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. அதே நேரத்தில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கும் மேல் தானியம் இருந்தது. அவசரத்துக்கென்று வைத்திருக்க வேண்டிய கையிருப்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

தானியம் இப்படிக் குவிந்ததற்கு அமோக விளைச்சல் மட்டும் காரணம் அல்ல. 1997-ல் ரேஷன் திட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரிக்கப்பட்டது. மேலே இருப்பவர்களுக்கான விலை ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ரேஷன் கோதுமைக்கும் கடைக் கோதுமைக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் ஆனது. வாங்குவது குறைந்தது. கொள்முதல் மட்டும் நிற்கவில்லை. வாங்க வழியில்லாதவர்கள் பட்டினி கிடக்க, மூட்டைகள் வெட்டவெளியில் நனைந்தன.

பள்ளிப் பக்கமும் ஒரு திட்டம் காகிதத்தில் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தொடக்கப் பள்ளிகளுக்கான ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கியது. தானியத்தை மத்திய அரசு இலவசமாகத் தரும், மாநிலங்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் சமைத்துப் போடும் நிலைக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலான மாநிலங்கள் வரவில்லை. 80 சதவீத வருகை உள்ள குழந்தைக்கு மாதம் 3 கிலோ கோதுமை அல்லது அரிசி என்று பையில் அளந்து கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டன. அது வீட்டுக்குப் போய், வீட்டில் இருக்கிற எல்லோருக்குமான மாவில் கலந்துவிடும். குழந்தைக்கென்று தனியாக எதுவும் மிஞ்சாது. மாதாமாதம் ஒழுங்காக வருவதும் கிடையாது.

தமிழ்நாட்டில் இது பழைய கதை. 1956-ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கி, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்து, 1989-ல் முட்டையும் சேர்ந்தாயிற்று. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பள்ளிதோறும் ஒரு அணியே உருவாகியிருந்தது. இந்த முன்னுதாரணம் ராஜஸ்தான் வழக்கில் எப்படிப் பயன்பட்டது என்பது பின்னால் வரும்.

களத்தில் கண்டது

வறட்சி நிவாரணத்துக்காக ராஜஸ்தானில் பல அமைப்புகள் சேர்ந்து 'அகால் சங்கர்ஷ் சமிதி' என்ற கூட்டமைப்பாக இயங்கின. தகவல் உரிமைக்காக 1990-களில் ஊர் ஊராக 'ஜன் சுன்வாயி' என்ற மக்கள் விசாரணைகளை நடத்தி, வருகைப் பதிவேட்டையும் ரசீதையும் மக்கள் முன்னால் வாசித்துக் காட்டிய அனுபவம் அங்கே ஏற்கெனவே இருந்தது. பெண்கள் அமைப்புகள், தலித் மற்றும் பழங்குடி அமைப்புகள், தொழிற்சங்கத்தினர், வழக்கறிஞர்கள், பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் என்று பல தரப்பினர். ஒருவருக்கொருவர் எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர்கள் அல்ல. வறட்சிதான் சேர்த்து வைத்தது.

கிராமங்களுக்குப் போனவர்கள் கண்டவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். சில வீடுகளில் முறைவைத்துச் சாப்பிட்டார்கள். இன்று வீட்டில் சிலர் சாப்பிடுவார்கள், மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். நாளைக்கு முறை மாறும். பட்டினிச் சாவு என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பட்டினி இது. யாரும் சாகவில்லை என்பதால் அரசுக் கணக்கில் பிரச்சினையே இல்லை. ஜெய்ப்பூருக்கு வெளியே சில கிலோமீட்டர் தூரத்தில் உணவுக் கழகக் கிடங்கு; அங்கே கோதுமை கெட்டுக்கொண்டிருந்தது. இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் இயக்கத்தின் முதல் பெரிய வேலை என்பேன். 'உணவு இல்லை' என்ற பதிலை அரசு இனிமேல் சொல்ல முடியாது.

முதல் முடிவு: நீதிமன்றம்

2001 ஏப்ரலில் மனித உரிமை அமைப்பான மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் ராஜஸ்தான் பிரிவு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தது. அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் உணவும் அடக்கம் என்பது வாதம். மத்திய அரசு, உணவுக் கழகம், ராஜஸ்தான் உள்ளிட்ட ஆறு மாநிலங்கள் எதிர்த்தரப்பு. பிறகு எல்லா மாநிலங்களும் சேர்க்கப்பட்டன.

மனுவில் முதலில் பெரிதாக இருந்தது பள்ளி உணவு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வறட்சிக் காலத்தில் அரசு என்ன செய்ய வேண்டும் என்று ராஜஸ்தானிலேயே ஒரு பஞ்சக் கையேடு 1962 முதல் இருக்கிறது. அதை அமல்படுத்துங்கள், நிவாரண வேலை கொடுங்கள், தானியத்தை வெளியே எடுங்கள் என்பவைதான் தொடக்கக் கோரிக்கைகள்.

2001 ஜூலை 23 அன்று நீதிமன்றம், மூடிக் கிடக்கும் ரேஷன் கடைகளைத் திறக்கச் சொன்னது. முதியவர், ஊனமுற்றோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆதரவற்ற குழந்தைகள் பசியில் விடப்படக் கூடாது என்றும் கூறியது. நல்ல வார்த்தைகள்தான். ஆனால் யார், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பது இல்லாததால் அதை வைத்துக்கொண்டு ஒரு தாசில்தாரிடம்கூடக் கேள்வி கேட்க முடியாது.

கோரிக்கை கூர்மையானது

அடுத்த நான்கு மாதங்களில் வழக்கு திசை மாறியது. 'பசியைப் போக்குங்கள்' என்பதிலிருந்து, 'நீங்களே அறிவித்த திட்டங்களை முழுசாக நடத்துங்கள்' என்பதற்கு வாதம் நகர்ந்தது. 2001 நவம்பர் 28-ம் தேதி இடைக்கால ஆணை, ரேஷன், பரம ஏழைகளுக்கு மலிவு தானியம் தரும் அந்தியோதயா, மதிய உணவு, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள், முதியோர் ஓய்வூதியம், மகப்பேறு உதவி என எட்டுத் திட்டங்களைச் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய உரிமைகளாக்கியது.

எட்டிலும் மதிய உணவுப் பகுதி மட்டும் வேறு மொழியில் எழுதப்பட்டிருந்தது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் சமைத்த உணவு. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம். ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள். உலர் தானியம் கொடுக்கும் மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் பாதி மாவட்டங்களில் தொடங்க வேண்டும், ஏழ்மையான மாவட்டங்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடுத்த மூன்று மாதத்தில் மீதி மாவட்டங்கள்.

இந்தத் துல்லியம் ஏன் இங்கே சாத்தியமானது? மூன்று காரணங்கள் தெரிகின்றன. தானியம் 1995 முதலே இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது, சமையல் செலவுதான் பாக்கி. இரண்டாவது தமிழ்நாடு. 'நடைமுறையில் முடியாது' என்று எந்த மாநில வழக்கறிஞர் எழுந்தாலும், இருபது வருடமாக ஒரு மாநிலம் தினமும் செய்துகொண்டிருக்கிறதே என்று காட்டலாம். நம்மூரில் 1982-ல் இதே திட்டத்தை ஓட்டுக்கான வேலை, கஜானாவைக் காலி செய்யும் வேலை என்று விமர்சித்தவர்கள் உண்டு. அதுவே பின்னால் மற்ற மாநிலக் குழந்தைகளுக்குச் சாட்சியாகப் போனது ஒரு வேடிக்கைதான். மூன்றாவது காரணத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். மதியம் பள்ளிக்குப் போய் எட்டிப் பார்த்தால் சோறு இருக்கிறதா இல்லையா என்று படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் தெரிந்துவிடும். நிறைவேறியதா என்று பார்க்க எந்த அதிகாரியின் அறிக்கையும் வேண்டியதில்லை.

ஆணையில் இன்னொரு வரி உண்டு, அதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆணையை அந்தந்த மாநில மொழியில் மொழிபெயர்த்து, கிராமப் பஞ்சாயத்து, அரசுப் பள்ளி, ரேஷன் கடை ஆகியவற்றில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிரந்தரமாக வைக்க வேண்டும் என்றது நீதிமன்றம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்ல வேண்டும் என்றது. கூட்டமைப்புக்கு இது பெரிய கைப்பிடி. 'டெல்லியில் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறதாம்' என்று பேசுவதற்கும், பள்ளிச் சுவரில் எழுதியிருப்பதைக் காட்டிப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் களத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

கெடு தாண்டியது

2002 பிப்ரவரி இறுதியில் முதல் கெடு முடிந்தது. அசைவே இல்லாத மாநிலங்கள்தான் அதிகம். சமையல் செலவுக்குப் பணம் இல்லை, சமையலறை இல்லை, ஆசிரியர்களின் நேரம் வீணாகும், மத்திய அரசு தரட்டும் என்று ஆளுக்கொரு காரணம். நீதிமன்ற அவமதிப்பு வழக்கு என்ற வழி இருந்தது. ஆனால் எத்தனை தலைமைச் செயலாளர்களைக் கூண்டில் நிறுத்துவது?

ராஜஸ்தானில் தொடங்கி அதற்குள் நாடு தழுவியதாகியிருந்த உணவு உரிமை இயக்கம் தெருவுக்குப் போகத் தீர்மானித்தது. 2002 ஏப்ரல் 9, மதிய உணவுக்கான செயல்நாள். பல மாநிலங்களில் ஒரே நாளில் நடந்தது. சில ஊர்களில் குழந்தைகள் காலித் தட்டோடு சாலையோரம் வரிசையில் உட்கார்ந்தார்கள். வேறு சில ஊர்களில் ஊர்க்காரர்களே அரிசி பருப்பு சேர்த்துப் பொது இடத்தில் சமைத்து, பிள்ளைகளுக்குப் பரிமாறினார்கள். அரசால் முடியாததை ஊர் ஒரு அடுப்பில் செய்து காட்டுவது உள்ளூர் நிர்வாகத்தைச் சங்கடப்படுத்தியது, நோக்கமும் அதுதான்.

மே 8 அன்று நீதிமன்றம் ஆணைகளின் நிறைவேற்றத்தைக் கண்காணிக்க இரண்டு ஆணையர்களை நியமித்தது. இருவரும் ஓய்வுபெற்ற மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். உணவுத் திட்டங்களைச் சமூகத் தணிக்கை செய்யும், அதாவது ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும், அதிகாரம் கிராம சபைக்கு உண்டு என்றும் அப்போதே சொல்லப்பட்டது. இதனால் ஊரில் எழுந்த புகார் ஒன்று மாவட்டத்தோடு முடங்காமல் உச்ச நீதிமன்றம் வரை போக ஒரு பாதை கிடைத்தது. ஊர்க் குழு ஆணையருக்கு எழுதும், ஆணையர் மாநில அரசிடம் விளக்கம் கேட்பார், பதில் நீதிமன்றத்துக்கு அறிக்கையாகப் போகும். முகமறியாத நீதிமன்றத்துக்கும் ஊருக்கும் நடுவில் கடிதம் போடக்கூடிய ஒரு முகவரி வந்தது.

அடுப்பு மூண்டது

கர்நாடகம் 2002 ஜூனில் தனது பின்தங்கிய வடகிழக்கு மாவட்டங்களில் தொடங்கியது. ராஜஸ்தான் ஜூலையில்.

ராஜஸ்தானில் முதலில் போட்டது குக்ரி. கோதுமையை வெல்லத்தோடு வேகவைத்த கஞ்சி மாதிரியான உணவு. தினமும் அதுவேதான். குழந்தைகளுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. சரியாக வேகாத நாளில் வயிற்று வலி என்று புகார் வந்தது. பல இடங்களில் தனிச் சமையலறை கிடையாது. மரத்தடியிலோ வகுப்பறை மூலையிலோ மூன்று கல் வைத்து அடுப்பு, புகை வகுப்புக்குள்ளே வரும். உதவிக்கு ஆள் இல்லாத பள்ளியில் ஆசிரியர் பாதி நேரம் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். 'பள்ளிக்கூடம் சாப்பாட்டுக்கடை ஆகிவிட்டது' என்ற ஏளனம் பத்திரிகைகளில் வந்தது.

இந்தக் கட்டத்தில் கூட்டமைப்பு எடுத்த முடிவை நிதானமாகப் படிக்க வேண்டும். உணவு மோசம் என்பது அவர்களுக்கும் தெரியும். அதற்காகத் திட்டத்தை எதிர்த்திருந்தால் அரசுக்கு உலர் தானியத்துக்குத் திரும்ப நல்ல சாக்கு கிடைத்திருக்கும். எனவே 'நிறுத்தாதே, சரிசெய்' என்ற நிலையில் நின்றார்கள். 2003-ல் ராஜஸ்தான், சத்தீஸ்கர், கர்நாடகம் மூன்றிலும் 81 பள்ளிகளில் ஒரு கள ஆய்வு நடந்தது. திட்டம் வந்த ஓராண்டில் முதல் வகுப்புச் சேர்க்கை சுமார் 15 சதவீதம் கூடியிருந்தது. கூடியதில் பெண் குழந்தைகளின் பங்கு பெரிது. குறைகளும் ஒளிக்கப்படாமல் அதில் இருந்தன: குக்ரியின் சலிப்பு, சமையலறை இல்லாமை, கர்நாடகத்தில் வசதிகள் ஒப்பீட்டளவில் மேல் என்பது. திட்டத்தை வேண்டியவர்களே அதன் ஓட்டைகளையும் எழுதியதால்தான் அந்த ஆய்வை யாரும் பிரசாரம் என்று ஒதுக்க முடியவில்லை. ராஜஸ்தானில் பிறகு உணவுப் பட்டியலும் மாறியது.

உத்தரப் பிரதேசம், பிகார் போன்ற பெரிய மாநிலங்கள் 2004-05 வரை இழுத்தடித்தன. அங்கே உள்ளூர் அமைப்புகளின் வலுவும் குறைவாகவே இருந்தது. ஆணை எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான், தேதியும் ஒன்றுதான். வேகம் மாறியதற்கு அரசின் விருப்பம், நிதி எல்லாம் காரணமாக இருக்கலாம். ஆனால் கீழிருந்து கேட்க ஆள் இருந்த இடத்தில் ஆணை நடந்தது என்பதே என் வாசிப்பு.

யார் சமைப்பது?

சோறு வந்ததும் சாதி வந்தது. தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் சில ஊர்களில் தடுத்தார்கள். சமையலரை மாற்றிவிட்டுப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்ட நிர்வாகங்களும் உண்டு.

2004 ஏப்ரல் 20-ம் தேதி ஆணை இதற்கு நேராகப் பதில் சொன்னது. சமையலர், உதவியாளர் நியமனத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முன்னுரிமை. கூடவே, சமையல் செலவை எந்தப் பெயரிலும் பெற்றோரிடம் வாங்கக் கூடாது; இன்னும் தொடங்காத மாநிலங்கள் செப்டம்பர் 1-க்குள் தொடங்க வேண்டும்; வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் உணவு தர வேண்டும்; சமையலறை, குடிநீர் வசதி செய்ய வேண்டும். அதே செப்டம்பரில் மத்திய அரசு திட்டத்தைத் திருத்தி, சமையல் செலவுக்குக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1 ரூபாய் ஒதுக்கியது. 2006-ல் அளவு 450 கலோரி, 12 கிராம் புரதமாக உயர்ந்தது.

சமையலறை என்று ஆணையில் ஒரு சொல்லாக இருப்பது எவ்வளவு கனமானது என்பதை நாம் கும்பகோணத்தில் பார்த்தோம். 2004 ஜூலை 16, மதிய உணவு சமைத்த இடத்தில் கூரையில் பற்றிய தீ, 94 குழந்தைகள். முன்னுதாரணம் என்று காட்டப்பட்ட மாநிலத்திலும் கலோரிக் கணக்கில் காட்டிய அக்கறையைக் கட்டடத்தில் காட்டவில்லை.

எட்டாத குழந்தைகள்

இதே வழக்கில், மதிய உணவுக்கு வழிசெய்த அதே முதல் ஆணையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இருந்தார்கள். ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி வேண்டும் என்று 2001 நவம்பரிலேயே சொல்லப்பட்டது. நடக்கவில்லை. 2004 அக்டோபரில் மீண்டும் ஆணை. மையங்களின் எண்ணிக்கையை 14 லட்சமாக்கவும், ஒப்பந்தக்காரர்களை உணவு வழங்கலிலிருந்து விலக்கவும் சொன்னது. 2006 டிசம்பர் 13-ல் இன்னொன்று: பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். பள்ளி உணவு ஏறத்தாழ மூன்று, நான்கு ஆண்டில் நாடு முழுக்க வந்தபோது, அங்கன்வாடி விரிவாக்கம் அதைவிடப் பல ஆண்டு கூடுதலாக எடுத்தது.

ஏன் இந்த வித்தியாசம்? பள்ளிக் குழந்தைகள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், பெற்றோர் ஒன்றுகூட ஒரு கட்டடம் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் இடுப்பில் வயல்வெளியில் இருக்கிறது. அதற்கு வேண்டியதும் ஒருவேளைச் சோறு மட்டும் அல்ல. தாய்க்கு ஓய்வு, பகலில் பார்த்துக்கொள்ள ஆள், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவது. இதைக் காலித் தட்டு மாதிரி ஒரே காட்சியில் காட்ட முடியாது. 2005 ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்காகவும் இதே வட்டாரத்து அமைப்புகள்தான் உழைத்தன. பணித்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. நூறு நாள் வேலை நடந்த இடங்களில் மரத்தில் கட்டிய தூளியைப் பார்த்த அளவுக்கு அந்தப் பெண்ணைப் பார்த்தவர்கள் குறைவு.

சட்டமானது

2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை அங்கன்வாடியில் இலவச உணவு, 6 முதல் 14 வயது வரை பள்ளியில் மதிய உணவு, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உணவோடு குறைந்தது 6000 ரூபாய் மகப்பேறு உதவி. இடைக்கால ஆணைகளாக நின்றவை நாடாளுமன்றச் சட்டமாயின. வழக்கு 2017-ல் முடித்துவைக்கப்பட்டது. அதே ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த மகப்பேறு உதவித் திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும், 5000 ரூபாய். சட்டத்தில் இருப்பதற்கும் திட்டத்தில் வந்ததற்கும் இடையிலான அந்த வெட்டு பெரிய கொந்தளிப்பு எதையும் கிளப்பவில்லை. காலித் தட்டு மாதிரி ஒரே காட்சியில் காட்ட முடியாது என்று மேலே சொன்ன காரணமேதான்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது?

முதல் மனுவிலேயே சிறு குழந்தைகளுக்குத் தனியாக, எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு கோரிக்கை வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. 'அங்கன்வாடியைப் பொதுமைப்படுத்து' என்பது அதிகாரிகளின் மொழி. 'வேலைத்தளத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்', 'இந்தத் தெருவில் ஒரு மையம்' என்பது ஊர் போய்ப் பார்த்துச் சொல்லக்கூடியது. 40 குழந்தைகள் விதி அப்படிப்பட்டதுதான், ஆனால் ஐந்து ஆண்டு தாமதமாக வந்தது. அதற்குள் இயக்கத்தின் வேகம் வேறு பக்கம் போயிருந்தது.

இரண்டாவது, ஆணையர்கள் என்ற ஏற்பாடு. வழக்கு இருந்தவரை அது இருந்தது. மாவட்ட அளவில் அதைப் போல ஊர்க்காரர் நேராக எழுதக்கூடிய ஒரு இடம் முன்பே கேட்டு வாங்கியிருந்தால், வழக்கு முடிந்ததும் பாதை அடைபட்டிருக்காது. 2013 சட்டத்தில் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலர், மாநில உணவு ஆணையம் இரண்டும் உண்டு. ஆனால் பல மாநிலங்கள் ஏற்கெனவே இருக்கும் அதிகாரிக்கே அந்தப் பொறுப்பையும் கூடுதலாகக் கொடுத்துவிட்டன. யார் மீது புகாரோ அவரிடமே மனு.

மூன்றாவது, சமைப்பவர்கள். கூட்டமைப்பில் பெற்றோர், ஆசிரியர், வழக்கறிஞர், ஆய்வாளர் எல்லோருக்கும் குரல் இருந்தது. சமைக்கப் போகிற பெண்கள் அப்போது இன்னும் யாரென்றே தெரியாதவர்கள், அதனால் பேச்சிலும் இல்லை. அவர்களை நியமிக்கும்போது யாருக்கு முன்னுரிமை என்று ஆணை சொன்னது, என்ன கூலி என்று சொல்லவில்லை. 2009-ல் மத்திய அரசின் திட்டத்தில் அவர்களுக்கு மாத மதிப்பூதியம் 1000 ரூபாய் என்று வைத்தார்கள். தமிழ்நாடு உள்படச் சில மாநிலங்கள் தம் பங்கில் கூடுதலாகத் தருகின்றன. திட்டத்தின் அடிப்படைத் தொகை அதே 1000-தான். அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதத்துக்கு மட்டும்.